தோட்டத்துக்குப் புது ஆள் வந்தாச்சு... நிலைக்கணும்னா முதல் 10 நாளில் என்ன செய்யணும்?

நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஐடி கார்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். லேப்டாப் தந்தார்கள். கேன்டீன் எங்கே, லீவ் எப்படிப் போடுவது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒருவர் கூடவே இருந்து சொன்னார். முதல் வாரம் உங்களிடம் யாரும் பெரிதாக வேலை எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துபாருங்கள். ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறார்கள் ஒரு கணவன், மனைவி. இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. "அதா ரூமு, அதா கட்டுத்தரை, மோட்டாரு அங்க இருக்குது, காத்தால அஞ்சு மணிக்குப் பால் கறக்கோணும்" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்காரர் போய்விடுகிறார். ஐந்தாம் நாள் காலையில் ரூம் காலி. "சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போயிட்டாங்க" என்று அப்பா உங்களுக்கு போன் செய்கிறார்.

திருப்பூர், பல்லடம், பொங்கலூர், காங்கேயம், உடுமலை வட்டாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் பல வீடுகளின் இன்றைய கதை இது. அப்பா அம்மா தோட்டத்தில். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில். ஏஜென்ட்டிடம் பேசுவது, ரயில் டிக்கெட் போடுவது, ஜிபேயில் முன்பணம் அனுப்புவது எல்லாம் பிள்ளைகள் தலையில். ஆள் பிடிக்க இவ்வளவு பாடுபடுகிறோம். வந்த ஆள் நிலைக்க என்ன செய்கிறோம்?

உள்ளூர் ஆட்கள் எங்கே போனார்கள்?

'ஆள் பஞ்சம்' என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கொங்குப் பகுதியில் பண்ணையம் என்பது நீண்ட காலம் பண்ணையாட்களை நம்பியே நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள். வருடக் கணக்கில் ஒரே தோட்டத்தில் வேலை. வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய கடன் தீரும்வரை வேறு இடம் போக முடியாது. பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைப்பார்கள், வயதில் பெரியவராக இருந்தாலும்.

1980களிலிருந்து திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்தது. கிராமத்துக்கே பஸ்ஸும் கம்பெனி வேனும் வந்தன. பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நின்றால் 'ஒன்றரை ஷிப்ட்' என்று கணக்குப் பார்த்துப் பணம். சனிக்கிழமை சம்பளம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு கம்பெனி.

பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர்கள். 2013-ல் வெளியான அவர்களின் கட்டுரை ஒன்று, வயலிலிருந்து ஆலைக்கு நகர்ந்த கொத்தடிமை முறையைப் பற்றியது. விசைத்தறிக் கூடங்களில் பெரிய முன்பணம் கொடுத்துத் தலித் தொழிலாளர்களைக் கட்டிப்போடும் வழக்கம் இருந்தது. அதற்கு நேர்மாறாக, பனியன் கம்பெனி வேலையில் அந்தப் பிடி இல்லாததையே தொழிலாளர்கள் பெரிதாக மதித்தார்கள்.

ஆக, நமக்கு ஆள் பஞ்சமாகத் தெரிவது, அவர்களுக்கு விடுதலையாக இருந்தது. அவர்களை ஈர்த்தவை மூன்று: முடிவு தெரிந்த வேலை நேரம், தேதி தெரிந்த சம்பளம், தலைநிமிர்ந்து நிற்கும் மரியாதை.

இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்தோ வருபவருக்கும் இதே மூன்றுதான் வேண்டும். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் அவரோடு வந்த ஊர்க்காரர் திருப்பூரில் இறங்கி ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருப்பார். தினமும் இரவு இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். உங்கள் தோட்டத்துக்குப் போட்டி பக்கத்துத் தோட்டம் கிடையாது. அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்தக் கம்பெனிதான்.

ஆள் வருவதற்கு முன்பே என்ன தயாராக இருக்கணும்?

முதலில் தங்குமிடம். உர மூட்டையும் பழைய மருந்து டப்பாக்களும் அடுக்கிய சாளையின் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பது வசதிக்குறைவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. பூச்சி மருந்தும் மனிதர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது.

ரூமில் குறைந்தபட்சம் இவை வேண்டும்:

• கட்டில், கொசுவலை. இது ஆடம்பரம் இல்லை. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைத்தான் கடிக்கிறது. வலிகூடத் தெரியாது.

• உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு, வெளியே விளக்கு. தனித் தோட்டத்தில் பெண்ணும் குழந்தையும் இருக்கும்போது இது முக்கியம்.

• கழிப்பறை. 'காடு இருக்குதல்ல' என்ற பதில் இனி செல்லாது.

• கேஸ் அடுப்பு, குடிதண்ணீர், போன் சார்ஜ் போட ஒரு ப்ளக். டவர் கிடைக்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு நாளுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், கோதுமை மாவு, பருப்பு, அரிசி வாங்கி வைத்துவிடலாம். ஒரு பாட்டில் கடுகு எண்ணெய் சேர்ந்தால் இன்னும் நல்லது. இரண்டு நாள் பயணம் செய்து வந்தவர் முதல் இரவு பசியோடு கடை தேடி அலைந்தால், அந்தத் தோட்டத்தைப் பற்றிய அவரது கருத்து அன்றைக்கே முடிவாகிவிடும்.

முதல் நாள்: வேலை வேண்டாம், சுற்றிக்காட்டுங்கள்

வந்த அன்று ஓய்வு. மறுநாள் காலை தோட்டத்தை ஒரு சுற்று நடந்து காட்டுங்கள். எதை வளர்க்கிறோம் என்பதைவிட, எங்கே ஆபத்து இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கிணறு: நம் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை, பல கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. குழந்தையோடு வரும் குடும்பம் என்றால், அவர்கள் வருவதற்கு முன்பே வேலி போட்டிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதி.

மோட்டார் ஸ்டார்ட்டர்: மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் மோட்டார் போட ஓடுகிறோம். ஈரக் கை, வெறுங்கால், பழைய பெட்டி... புது ஆளுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். முதல் வாரம் ஸ்டார்ட்டரைத் தொடும் வேலை வேண்டாம்.

தட்டு வெட்டும் மெஷின்: சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தில் சேலைத் தலைப்பும் துண்டும் சிக்கும். ஓடும்போது கையால் தள்ளக் கூடாது என்பதைச் செய்து காட்டிச் சொல்லுங்கள்.

பூச்சி மருந்து: 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நச்சு ஏறி இறந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம்: சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள். காற்றுக்கு எதிராக அடிக்கக் கூடாது. மீதி மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

பாம்பு: கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்கு அழைக்கும்போது தோட்டம் எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டுமே? ஊர்ப் பெயர், பக்கத்து அடையாளம், உங்கள் எண் மூன்றையும் அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கூகுள் மேப் லொகேஷனை அவர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவைக்கலாம்.

முதல் வாரம்: ஒரு நாளைக்கு ஒரு வேலை

தோட்ட வேலையை 'சாதாரண வேலை' என்று நினைப்பதால்தான் கற்றுக்கொடுக்க நாம் மறக்கிறோம். சொட்டு நீர்ப் பாசனத்தில் எந்த வால்வை எப்போது திருப்புவது, ஃபில்டரை எப்படிக் கழுவுவது, கன்று போட்ட மாடு யாரை அண்டவிடும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். நெல்லும் மீனும் விளையும் ஊரிலிருந்து வந்தவருக்குத் தென்னந்தோப்பே புதிது.

கோழிப்பண்ணையில் இது நேரடியாகப் பணத்தில் தெரியும். பல்லடம், உடுமலை வட்டாரம் கறிக்கோழிக்குப் பேர்போனது. ஒப்பந்த முறையில் கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து கொடுக்கும்; ஷெட், கரண்ட், ஆள் செலவு பண்ணையாளருடையது. தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை ஏறியது, எத்தனை கோழி செத்தது என்பதைப் பொறுத்தே வளர்ப்புக்கூலி கிடைக்கும். ஒருநாள் வயதுக் குஞ்சு இறங்கும் முதல் வாரம்தான் சிக்கலானது. புரூடரில் 33 டிகிரி அளவுக்குச் சூடு இருக்க வேண்டும். குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும். கூடினால் ஓரத்துக்கு ஓடி மூச்சு வாங்கும்.

அதனால் குஞ்சு இறங்கும் நாளன்று புது ஆளைச் சேர்த்து, தனியாக விட்டுவிடாதீர்கள். முந்தைய பேட்ச்சின் கடைசி வாரத்திலேயே வரவழைத்தால் ஷெட் கழுவுவது, உமி பரப்புவது, தண்ணீர் லைன் பார்ப்பது என்று படிப்படியாகப் பழகிவிடுவார்.

கற்றுக்கொடுக்கும் முறை எளிது. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு அவர் செய்ய, நீங்கள் பாருங்கள். மூன்றாவது முறை தனியாக விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு புது வேலை போதும். ஒவ்வொன்றையும் போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக் கொடுத்தால் மொழிச் சிக்கல் பாதி தீர்ந்தது.

மொழிக்கு என்ன செய்வது?

வடக்கிலிருந்து வரும் எல்லோரும் 'இந்திக்காரர்' இல்லை. ஒடியா, வங்காளம், சந்தாலி பேசுபவருக்கு இந்தியும் வேற்று மொழியே. அவர் மொழி எது என்று முதலில் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பேசிக் காட்டலாம். தண்ணீர், நிறுத்து, ஆபத்து, வலிக்குது, நாளைக்கு, போதும் என்று பத்துச் சொற்களை இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டால் அன்றாட வேலை ஓடும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'டேய்', 'வடக்கன்' இரண்டும் வேண்டாம். தமிழ் தெரியாதவருக்கும் குரலின் தொனி புரியும். நம் ஊரில் சின்னப் பையனைக்கூட "வாங்க கண்ணு" என்றுதானே கூப்பிடுகிறோம்? அந்த 'ங்க' அவருக்கும் சேரட்டும்.

சம்பளம், முன்பணம்: எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலான சண்டை தொகையால் வருவதில்லை, தெளிவின்மையால் வருகிறது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, வார விடுமுறை உண்டா, மளிகையும் கேஸும் யார் செலவு, ஊருக்குப் போக டிக்கெட் யார் போடுவது... இந்த ஐந்தையும் முதல் நாளே எழுதி, இருவர் போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். விவசாய வேலைக்கும் அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. அதற்குக் கீழே பேசவே கூடாது.

தோட்டங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் கணவன் மனைவியாகத்தான் ஆள் கேட்கிறார்கள். சம்பளத்தை 'ஜோடிக்கு இவ்வளவு' என்று பேசிக் கணவர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். மனைவி பார்க்கும் வேலைக்கு அவர் பெயரில், அவர் கணக்கில் பணம் போடுங்கள். அந்தக் குடும்பம் நிலைப்பதா கிளம்புவதா என்ற முடிவில் அவர் குரலும் உண்டு.

முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் 'அட்வான்ஸ் கழியுற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது' என்று தடுத்தால், அது 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆதார் அட்டையின் அசலை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதும் இதே ரகம். அடையாள ஆவணத்தைப் பிடுங்கி வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. நகல் எடுத்துக்கொண்டு அசலை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பனியன் கம்பெனியில் சேர்ந்தால் இ.எஸ்.ஐ., பி.எஃப். கிடைக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்தில் அது கிடையாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து கொடுக்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. அவரது சொந்த ஊர் ரேஷன் கார்டை வைத்து இங்குள்ள கடையிலேயே தானியம் வாங்கலாம். இவை எல்லாம் நீங்கள் பெங்களூருவில் உட்கார்ந்தே போனில் முடித்துக் கொடுக்கக்கூடியவை.

குழந்தைகளை என்ன செய்வது?

பெற்றோர் வேலை பார்க்கும்போது குழந்தை வரப்பில் உட்கார்ந்திருப்பதும், பத்து வயதுப் பையன் கோழிக்குத் தீவனம் போடுவதும் நம் கண்ணுக்குப் பழகிவிட்டன. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஆறு வயதுக்குள் இருந்தால் அங்கன்வாடி, அதற்கு மேல் அரசுப் பள்ளி. தொடக்கப் பள்ளிக்குப் போனால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். சேர்ப்பதற்கு நீங்களோ அப்பாவோ ஒருமுறை பள்ளிக்குக் கூடப் போய்ப் பேசினாலே போதும். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய குடும்பம் அவ்வளவு எளிதில் ஊர் மாறாது.

பயம் இரு பக்கமும் இருக்கிறது

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூவர் கொல்லப்பட்டனர். அதன்பின் தனித் தோட்டத்தில் பெற்றோரை விட்டு வெளியூரில் இருக்கும் எல்லோருக்கும் ராத்தூக்கம் கெட்டது. தெரியாத ஒருவரைத் தோட்டத்துக்குள் தங்கவைக்க யோசிப்பது நியாயமே.

ஆனால் பயம் வந்தவருக்கும் உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. ஊரிலிருந்து பெற்றோர் அழுதுகொண்டு போன் செய்ய, பலர் ரயில் ஏறினார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது.

இரண்டு பயத்துக்கும் மருந்து ஒன்றுதான்: எல்லாம் பதிவில் இருக்கட்டும். ஆதார் நகல், போட்டோ, ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் எண், அழைத்துவந்த ஏஜென்ட்டின் எண், காவல் நிலையத்தில் தகவல். அதேபோல அவருடைய வீட்டாருக்கும் உங்கள் பெயர், எண், தோட்டத்தின் முகவரியைக் கொடுங்கள். வீடியோ காலில் அவரது அம்மாவிடம் உங்கள் அம்மா ஒரு வார்த்தை பேசட்டும். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மகன் எங்கே இருக்கிறான் என்று அந்த முகத்துக்குத் தெரிந்துவிடும்.

பத்தாம் நாள் கேட்க வேண்டிய நாலு கேள்வி

பத்து நாள் முடிந்ததும் அவருடன் பத்து நிமிடம் உட்காருங்கள். மொழி தெரிந்த ஒருவர் போனில் இருந்தால் நல்லது.

1. சாப்பாடு, தூக்கம் எப்படி இருக்கிறது?

2. எந்த வேலை புரியவில்லை? எதைச் செய்யப் பயமாக இருக்கிறது?

3. சொன்ன சம்பளமும் நேரமும் சொன்னபடி நடக்கிறதா?

4. ஊருக்கு எப்போது போகணும்?

கடைசிக் கேள்வியை நாம் கேட்கத் தயங்குவோம். 'போறதப் பத்தி நாமளே எதுக்கு ஞாபகப்படுத்தறது?' என்று தோன்றும். ஆனால் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகாரில் சத் பூஜை, ஜூனில் ஒடிசாவில் ரஜ பண்டிகை. அவர் போகத்தான் போகிறார். தேதியை முன்கூட்டியே பேசி டிக்கெட் போட்டுக் கொடுத்தால், போய்வருவதற்கும் ஒரு தேதி இருக்கும். பேசாமல் விட்டால் ஒரு காலைப்பொழுதில் ரூம் காலியாக இருக்கும்.

அவர் அடுத்து என்ன ஆகலாம் என்பதையும் சொல்லுங்கள். பனியன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தவர் டெய்லர் ஆகலாம் என்று தெரிந்துதான் நிற்கிறார். தோட்டத்தில் சேர்ந்தவர் பத்து வருடம் கழித்தும் 'தோட்டத்து ஆள்'தான் என்றால் ஏன் நிற்க வேண்டும்? சொட்டு நீர் முழுப் பொறுப்பு, பேட்ச் நன்றாக வந்தால் கூடுதல் தொகை, டிராக்டர் பழக்குவது என்று ஏதாவது ஒரு படி அவர் கண்ணுக்குத் தெரியட்டும்.

இவ்வளவும் செய்தால் ஆள் கட்டாயம் நிலைப்பாரா? உத்தரவாதம் இல்லை. கம்பெனியில் கூடுதல் கூலி கிடைத்தால் போகலாம். போக அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படிப் போகிறவர் சொல்லிவிட்டுப் போவார். போகும்போது "என் ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அனுப்பட்டுமா?" என்று கேட்பார்.

அடுத்த முறை அப்பா போன் செய்து "புது ஆள் வந்துட்டாங்க" என்று சொன்னால், முன்பணம் எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "அவங்க சாப்ட்டாங்களாப்பா?"